காற்றின் மேல் போட்ட பழி

சுவாதியின் வலது கை நடுவிரலைப் பார்க்கிறவர்கள் எங்கள் ஓசூரில் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எந்தக் கம்பெனி பிரஸ்சு?" தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினுக்கு விரலைக் கொடுத்தவர்கள் இங்கே தெருவுக்கு இரண்டு பேராவது உண்டு. டீ டம்ளரைப் பிடிக்கிற விதத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சுவாதிக்கு விரல் நுனி நசுங்கி, நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கிறது. கேட்கிறவர்களிடம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "கம்பெனி இல்லீங்க. காத்து."

காற்று இல்லை. நான்.

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இதை முதலில் சொல்லாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, என் பேரன் ஸ்ரீராமின் மனைவி ரேவதி எழுதுகிறாள். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி எதையும் மாற்றாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சிப்காட் பக்கம் கம்பெனிகள் பெருகியபோது என் வீட்டுக்காரர் நாராயணப்பன், வீட்டுக்குப் பின்னால் ராகி விளைந்த காட்டில் வாடகைக்கு விட வரிசையாக எட்டு லைன் வீடுகள் கட்டினார். நடுவே ஒரு கொய்யா மரத்தை மட்டும் விட்டுவைத்தார். ஏழாம் நம்பர் வீட்டுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெரியதம்பியும் தமிழ்செல்வியும் வந்தார்கள். பெரியதம்பிக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர்கள் மகள்தான் சுவாதி. அப்போது மூன்றாம் வகுப்பு. லைனில் இருந்த எல்லோரையும் போல அவர்களும் என்னை "ஓனரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்.

அந்த லைனிலேயே பெரிய டிவி என் வீட்டில்தான். முன்னறை ஜன்னல் கொய்யா மரத்தைப் பார்த்து இருந்தது. நாலு இரும்புக் கம்பி, இரண்டு கனத்த மரக் கதவு. ஒரு கதவு மழையில் ஊறி இறுகிப்போய்த் திறக்காது. இன்னொன்றை வெளிப்பக்கம் திறந்து சுவரில் கொக்கி மாட்டி வைப்போம். ஆகவே வெளியே நிற்கிற பிள்ளைகளுக்கு டிவியின் இடது பாதிதான் தெரியும். அதுவும் கம்பிகளுக்கு நடுவே. பக்கத்து லேத் பட்டறை இரைச்சலில் சத்தமும் சரியாகக் கேட்காது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார்ட்டூன். தலையில் விளக்கு முளைத்த ஒரு இயந்திர மனிதன் வருவான். அவன் போனதும் தபால் பை மாட்டிய ஒரு கழுதை. அதன் பையைப் பிடுங்க இரண்டு காக்கைகள் அலையும். கேபிள்காரன் மாதேஷ் என்ன பண்ணுவானோ, கழுதை கொஞ்ச நேரம் தமிழ் பேசும், திடீரென்று தெலுங்குக்குத் தாவும். எங்களுக்கு இரண்டும் தெரியும். ஏழாம் நம்பர் பிள்ளைக்குத் தெலுங்கும் தெரியாது, சத்தமும் கேட்காது, படமும் பாதி. அதைக் கொண்டு அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜன்னல் திண்டில் கையை ஊன்றி நின்று, தெரியாத பாதியையும் கேட்காத பேச்சையும் தானே கட்டி, பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். கழுதைக்கு ஒரு குரல், காக்கைகளுக்கு ஒரு குரல். வெளியே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

உள்ளே என் பேரன் ஸ்ரீராம் டிவிக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். முழுப் படமும் தெரியும், முழுச் சத்தமும் கேட்கும். ஆனால் சிரிப்பு வராது. ஒரு நாள் அவன் எழுந்து வெளியே போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"ஸ்ரீராமா, உள்ள வாடா. உன் வீட்டு டிவிய நீ எதுக்குடா ரோட்டுல நின்னு பாக்கற?" என்றேன்.

"இரு அவ்வா. இங்க நின்னாதான் கதை புரியுது."

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் கழுதை ஒரு கயிற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்ததாம். அதைக்கூட நான் பார்க்கவில்லை, அந்தப் பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. "பாலத்துக் கயித்தக் காக்கா கொத்துது, கொத்துது..." என் பேரன் வாயைத் திறந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியைக்கூடப் பார்க்கவில்லை. வாடகைக்கு வந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு வாயா என்று எனக்குள் என்னவோ ஏறியது. போனேன். டிக்கென்று கொக்கியை எடுத்தேன். கதவை வேகமாகச் சாத்தினேன்.

திண்டில் அவள் கை இருந்தது.

கத்தினாள். எனக்குக் கேட்டது. லேத் இரைச்சலையும் மீறிக் கேட்டது. நான் திறக்கவில்லை. அடுப்படிக்குப் போய், கொதிக்கிற உலையில் அரிசியைக் களைந்து போட்டேன். வெளியே நாலு பேர் ஓடி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அப்போதே தெரிந்தவளைப் போல ஓடினேன்.

தமிழ்செல்வி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் சொன்னேன்: "காத்து அடிச்சிருச்சு தமிழு. படார்னு சாத்திக்கிச்சு." அன்றைக்குக் கொய்யா மரத்தில் ஒரு இலை அசையவில்லை. தமிழ்செல்வி ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஆமா ஓனரம்மா. காத்துதான்" என்றாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "காத்து அடிச்சிட்டு தாயி, காத்து" என்று அதற்கும் சொன்னாள்.

நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "ஓனரம்மா தங்கம், கூடவே ஆட்டோ வரைக்கும் ஓடியாந்தாங்க" என்று தமிழ்செல்வி லைன் முழுக்கச் சொன்னாள். அந்தப் பேரையும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு மத்திகிரிப் பக்கம் போனார்கள். கம்பெனிக்குப் பக்கம் என்றார்கள்.

அப்புறம் அந்தப் பெண் வளர்ந்ததெல்லாம் எனக்குக் காது வழியாக வந்ததுதான். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ படித்தாள். நட்டு போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை கிடைத்தது, கம்ப்யூட்டரில். வேலை சலித்தால் ஒரு ஓரத்தில் போல்ட்டுக்குக் கை, கால், மீசை வரைந்து வைப்பாளாம். ஒரு தடவை அந்தப் படமே பிரின்ட் ஆகி மெஷினுக்குப் போய்விட்டது. ஆபரேட்டர் காகிதத்தோடு வந்து நின்றாராம். "மேடம், எல்லாம் சரி. இந்தக் கால் எத்தன மில்லிமீட்டர்னு போடலியே?" அந்த மீசைக்காக மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கொரோனாவில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகக் கார்ட்டூன் செய்து இன்டர்நெட்டில் போட ஆரம்பித்தாள். பேர் 'கொய்யாமர லைன்.' லைன் வீட்டுப் பிள்ளைகளின் கதை. கம்பெனி திறந்த பிறகும் விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்து வரைவாள். எல்லாக் குரலும் அவள் குரல்தான்.

போன வருஷம் ஸ்ரீராம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அவ்வா, இத பாரேன், நம்ம ஜன்னலு!"

பார்த்தேன். பழைய டிவி கார்ட்டூன்கள் எல்லாம் அதற்குள் வருகின்றன. விளக்குத் தலை இயந்திர மனிதன் டீக்கடையில் நிற்கிறான். தபால் கழுதை லைன் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருகிறது. ஆனால் பழைய கார்ட்டூன் எங்கே வந்தாலும் படத்தின் இடது பாதியில்தான் வரும். குறுக்கே நாலு கம்பி இருக்கும். கழுதை பேச்சுக்கு நடுவில் தெலுங்குக்குப் போய்விடும். எந்த வேடிக்கையும் முடியாது. முடிவுக்குச் சற்று முன்னால் டிக்கென்று ஒரு சத்தம், உடனே காற்று வந்து ஜன்னலைச் சாத்திவிடும்.

அந்தக் காற்றுக்கு உருவம் உண்டு. உப்பின கன்னமும் சின்னக் கண்ணுமாக, காத்துமாமா என்று பேர். லைனில் எது உடைந்தாலும் எது காணாமல் போனாலும் எல்லோரும் காத்துமாமாவைத்தான் கைகாட்டுவார்கள். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று போகும். ஊரெல்லாம் இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறது. ஸ்ரீராம் ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் "காத்து அடிச்சிருச்சு சார்" என்பானாம்.

பார்த்தவர்கள் எழுதியதை அவன் படித்துக் காட்டினான். நாலு கம்பி என்றால் பிள்ளைகள் டிவிக்குள்ளே சிறைப்பட்டது என்று அர்த்தம், இது ஒருவர். பாதிப் படம் என்பது அந்தக் காலத்து டிவி ரிப்பேர், இது இன்னொருவர். தெலுங்கு பேசுவது எதற்கு என்று சென்னைக்காரர்கள் கேட்டால், "ஓசூருக்கு வாங்க தெரியும்" என்று எங்கள் ஊர்க்காரர் பதில் போடுகிறார். ஆனால் அந்த டிக் சத்தம் எந்தக் கார்ட்டூனிலிருந்து எடுத்தது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குப் பந்தயம் கட்டித் தேடுகிறார்கள்.

ஸ்ரீராம் சிரித்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். இருபது வருஷமாக என் பொய் செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அதற்குக் கையும் காலும் முளைத்து, ஊர் ஊராகப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாதியே வந்தாள். உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் பையோடு. "என்ன ஓனரம்மா, என்னத் தெரியுதா?" என்றாள். விரலைப் பார்த்தேன். தெரிகிறது என்றேன்.

காபி கொடுத்தேன். வந்த விஷயத்தைச் சொன்னாள். தொடர் முடியப்போகிறது. கடைசிப் பாகத்தில் அந்தக் கயிற்றுப் பாலத்துக் கழுதையை வரையப்போகிறாள். "அன்னைக்கு அது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும் ஓனரம்மா. எங்கெங்கயோ தேடிட்டேன். அந்த ஒண்ணு மட்டும் எங்கயும் கெடைக்கல. ஸ்ரீராம் என்கூட வெளிய நின்னான். உள்ள இருந்தது நீங்க மட்டும்தான். கழுதை விழுந்துச்சா, தாண்டுச்சா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வேறு விதமாகத் திறந்தது. "தாண்டிருச்சு கண்ணு. பாலம் அறுந்துச்சு, கழுத அப்டியே ஆத்துல குதிச்சு நீந்திக்கினு போயி, நனஞ்ச கடுதாசியக் குடுத்துட்டுது."

அவள் முகம் எட்டு வயசுப் பிள்ளையின் முகம் ஆகிவிட்டது. "நெசமாவா?" என்று எழுதிக்கொண்டாள். "கடைசியில 'முடிவு சொன்னது மங்கம்மா'ன்னு உங்க பேரப் போடறேன்" என்றாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் பையிலிருந்து ஒலிப்பதிவு செய்கிற சின்னக் கருவியை எடுத்தாள். கதவு சாத்துகிற சத்தம் அந்த ஜன்னலிலேயே எடுக்க வேண்டுமாம். போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். குனிந்து பார்த்தாள்.

"இதுல கொக்கி இருக்கே ஓனரம்மா."

அவள் படம் வரைகிற வேலை பார்க்கிறவள், இரும்பையும் மரத்தையும் பார்த்துப் பழகினவள். கொக்கி ஆடி ஆடிச் சுவரில் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்திருக்கிறது. அதை விரலால் தடவினாள். அந்த விரலால்தான். அந்தத் தடம் இருபது வருஷத்துக்கும் மேற்பட்டது என்று குருடனுக்கும் தெரியும். திரும்பாமலே சொன்னாள்: "அன்னைக்கு மாட்டாம விட்டிருப்பீங்க. இல்ல?"

கதவைத் திறந்து வைத்து, போய்க்கொள் என்று வழிவிடுகிற மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல். அதோடு முடிந்திருக்கும். அவள் போயிருப்பாள், என் பேரையும் போட்டிருப்பாள்.

"மாட்டித்தான் இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"கழுத நீந்துனதும் பொய்யி. நான் பாக்கவேயில்ல. ரூமுல யாருமே இல்ல. டிவி தன்னால ஓடிச்சு."

"எதுக்கு எடுத்தீங்க?"

"எம் பேரன் உன் வாயப் பாத்துக்கினு நின்னான்."

"என் கை அங்க இருந்தது தெரியுமா?"

"மொதல்ல தெரியாது. கத்துனது கேட்டுச்சு. தெறக்கல. சோத்துக்கு அரிசி போட்டேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தினால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், என் குணம் அப்படி. அவள் கொக்கியை மெதுவாக எடுத்தாள். டிக். மறுபடி மாட்டினாள். மறுபடி எடுத்தாள். டிக்.

"இந்தச் சத்தம்தான்" என்றாள். "காத்துக்கு முன்னாடி ஏன் இது வருதுன்னு எனக்கே தெரியாது. வைக்கலைன்னா சரியா வரல. அதான் எல்லாப் பாகத்துலயும் வச்சேன்." கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள். "கதவு சத்தம் வேணாம். இது போதும்." வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "எங்கம்மா இன்னும் உங்களத் தங்கம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் கடைசிப் பாகத்தத் தொடவும் மாட்டேன்."

அவள் குடித்துவிட்டுப் போன காபி டம்ளரை ரொம்ப நேரம் கழுவாமல் வைத்திருந்தேன்.

பன்னிரண்டு நாள் இழுத்தடித்தேன். மூட்டு வலி என்றேன், வெயில் என்றேன். ஸ்ரீராம் போனில், கடைசிப் பாகம் எப்போது என்று ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிமூன்றாம் நாள் ரேவதியை வண்டி எடுக்கச் சொல்லி மத்திகிரிக்குப் போனேன். போகிற வழியில்தான் உறைத்தது. பெரியதம்பியின் கம்பெனி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மத்திகிரியிலிருந்து இரண்டு பஸ்.

தமிழ்செல்வி தலை நரைத்து, வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள். "ஓனரம்மா! என்ன இம்புட்டுத் தூரம்? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா நான் வர மாட்டனா?" சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். அவள் வீட்டு நாற்காலியில், அவள் துடைத்த இடத்தில் எனக்கு உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். முடித்ததும், "தெரியும் ஓனரம்மா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கொக்கி தொங்கிக்கிட்டு ஆடிச்சே. காத்தா வந்து கொக்கிய எடுக்கும்?"

"அப்ப எதுக்கு ஆமான்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? ஊர் புதுசு. அவுகளுக்கு வேலை நிரந்தரம் ஆகல. நீங்க வீட்டக் காலி பண்ணுன்னா, கைக்கட்டுப் போட்ட பிள்ளையத் தூக்கிட்டு எங்க போக? அதான் பிள்ளைகிட்டயும் காத்துன்னே சொல்லி வச்சேன். அதுக்கு உங்க மேல பயம் வந்துட்டா ராத்திரி தூங்காதுல்லா." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "லைன் பூரா உங்களத் தங்கம்னு சொன்னதும் அதுக்குத்தான். மூணு மாசம் வேற வீடு தேடணும்ல."

நான் சொன்ன பொய்யை உலகம் நம்பிவிட்டது என்று இருபது வருஷம் உள்ளுக்குள் ஒளிந்து திரிந்தேன். யாரும் நம்பவில்லை. எனக்குப் பயந்து, எனக்காக அதைச் சுமந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நல்லதாக இருக்கட்டும் என்று என் பொய்க்கு உப்பின கன்னம் வைத்தது தமிழ்செல்விதான்.

மன்னித்தேன் என்று தமிழ்செல்வி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "கீரை கொண்டுட்டுப் போறீங்களா?" என்றாள். ரேவதி கையை நீட்டினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் கடைசிப் பாகம் வந்தது. ஸ்ரீராம், ரேவதி, நான் மூன்று பேரும் பார்த்தோம். கழுதை கயிற்றுப் பாலத்தில் போகிறது. காக்கைகள் கொத்துகின்றன. டிக். எப்போதும் காத்துமாமா வருகிற இடம். இந்தத் தடவை அது வரவில்லை. பச்சை வளையல் போட்ட ஒரு கை வந்து கொக்கியை எடுத்தது. கதவைச் சாத்தியது. அந்தத் தொடரிலேயே முதல் தடவையாகப் படம் வீட்டுக்கு உள்ளே போனது. காலி நாற்காலி. டிவியின் முதுகு. அதன் வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடுகிறது, கழுதை என்ன ஆனதென்று தெரியவில்லை. அடுப்படியில் ஒரு உலை கொதிக்கிறது. வெளியே, கொய்யா மரத்தடியில், காத்துமாமா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பிள்ளையின் விரலை ஊதிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. முடிந்துவிட்டது. முடிவு சொன்னவர் என்று யார் பேரும் இல்லை.

ஸ்ரீராம் பச்சை வளையல் போட்ட என் கையைப் பார்த்தான். நான் இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்ளவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தான். பழைய கார்ட்டூன்களைக் கரைத்துக் குடித்தவர்கள் எல்லாம் திணறிக்கொண்டிருந்தார்களாம். அந்த வளையல் கை எந்தக் கார்ட்டூனில் வருகிறது? எந்த டிவியில் போட்டார்கள்?

"மங்கம்மாவோட கைன்னு போடு" என்றேன்.

"வேணாம் அவ்வா."

"போடுடா. உன் வாயால வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அத மட்டும் போடு."

போட்டான். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பதில் எழுதினார். 'மங்கம்மாவா? நான் பார்த்ததே இல்லையே. அது எந்த வருஷத்துக் கார்ட்டூன்?'